நான்கு மணிக்குப் பக்கத்தில்

நீளமுடி நாய் என்றால்
உதிர்ந்தது உருண்டு கதிரைக்கடியில் சேரும்.
ஒரு கூட்டலோடு முடிந்துவிடும்.
சுண்டலுக்கு முடி அரை விரற்கடை.
விழுவதில்லை, தைக்கிறது.
சேர்ட்டில், செற்றியில், காலுறை விளிம்பில்,
ஒருமுறை இடியப்பத்தில்கூட.
அது எது, இழை எது என்று
விளக்கைப் போட்டுத்தான் பார்த்தோம்.

குட்டை முடிதானே, தொல்லை இராது என்று
சொல்லித்தான் கூட்டிவந்தான் கிருசாந்.
சொன்னவன் பேர்னில் படிக்கிறான்.
முடி கிரெஞ்சனில் என்னோடு இருக்கிறது.

எனக்கு வேலை மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்.
முகப்பை வைத்து, முட்களைப் பொருத்தி,
கண்ணாடி மூடுமுன்
ஊதி, பார்த்து, மறுபடி ஊதி.
வாசலில் ஒட்டும் பாய், காற்றடிக்கும் கூண்டு,
நீலக் கோட்டு, தலைக்கு வலை,
விரலுக்கு விரல் ரப்பர் தொப்பி.
தூசிக்கு விசா கிடையாத அறை அது.

மார்ச்சில் ஒரு செவ்வாய்
ஷ்டுடர் கூப்பிட்டார்.
நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு மணிக்கூடு,
மூடி முடித்தது, பெட்டிக்குப் போக இருந்தது.
நான்கு மணிக்குப் பக்கத்தில்
நாலாவது முள்ளாக ஒன்று கிடந்தது.
அடி வெள்ளை, நுனி கபிலம்.
விநாடி முள் அதைத் தாண்டித் தாண்டிப் போனது,
நடைவழியில் படுத்திருப்பவளை
நாங்கள் தாண்டிப் போவதுபோல.

"யாருடையது?" என்றார்.
வாய் தவறி, "சுண்டலுடையது" என்றேன்.
யாரோ புது வேலையாள் என்று நினைத்து
பட்டியலை எடுத்துத் தேடினார்.

திறந்து, எடுத்து, மூட நாற்பது நிமிடம்.
சம்பளத்தில் பிடிக்கவில்லை.
பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.
"அடுத்த முறை" என்று தொடங்கி
வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து பல்கனியில் நிறுத்துகிறேன்.
பாத்திரம் கழுவும் கையுறையை நனைத்து
வாலடியிலிருந்து கழுத்துவரை எதிர்ப்புறமாக ஒருமுறை,
பிறகு முடி போகிற போக்கில் மூன்று முறை.
வயிற்றில் அழுத்தக் கூடாது.
ரப்பர்ப் பல் சீப்பு ஞாயிறும் புதனும்.
குளிப்பு ஆறு கிழமைக்கொருக்கால், மிஞ்சினால் தோல் காயும்.
தீனியில் மீனெண்ணெய் நாலு சொட்டு,
அவள் கொட்டாவி விட்டால் வீடே கருவாட்டுக் கடை.
வேலை உடுப்பு அவள் நுழையாத அறையில்.

ஹீட்டர் எரிகிற வீட்டில்
நாய்க்குப் பருவம் குழம்பும் என்றார் மிருகவைத்தியர்.
எனக்கும்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கவரிமான் வம்சமில்லை இவள்.
கொட்டக் கொட்டக் கொழுக்கிறாள்.
கணக்குப்படி இதற்குள் மொட்டையாகியிருக்க வேண்டும்.
தொட்டால் அதே அடர்த்தி.

குருவிக் கூட்டுக்கு உதவட்டும் என்று
முன்பெல்லாம் வேலியில் செருகி வைப்பேன்.
உண்ணிக்கு முதுகில் விட்ட மருந்து முடியிலும் இருக்கும்,
குஞ்சுக்கு ஆகாது என்றாள் எதிர்வீட்டு மதலேனா.
இப்போது காசு கொடுத்து வாங்கும் குப்பைப் பையில்.
அதற்கு முன் உருட்டி
சமையல் தராசில் வைத்துப் பார்க்கிறேன்.
தொழில் பழக்கம்.
நாட்காட்டியில் எழுதுகிறேன்.

நித்திரை வராத இரவுகளில் ஒரு நினைப்பு.
ஷ்டுடரின் கண்ணுக்குத் தப்பியது
ஒன்றாவது இருக்கத்தான் வேண்டும்.
ஐம்பது மீட்டர் ஆழத்திலும் தண்ணீர் புகாத பெட்டிக்குள்
சுண்டலின் ஒரு முடி
ஒசாக்காவில் யாரோ ஒருவர் மணிக்கட்டில்.
நேரம் பார்க்கிறவர் கீறல் என்று நினைத்து
கட்டைவிரலால் துடைக்கிறார்.
மறுநாளும் துடைக்கிறார்.

வெட்கப்பட வேண்டும்.
கொஞ்சம்தான் வருகிறது.

இன்று நான்கு கிராம்.
யூரா மலைக் காற்று பல்கனியில் புகுந்து
ஒரு பிடியைக் கொண்டுபோனது.
அதை ஒன்று என்று மதிப்பிட்டு
பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்.